விண்கலத்தை நினைத்துக்கொண்டு பில்லிங் நிரல் எழுதுகிறவருக்கு

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஏழு வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன். நிறுவனங்களுக்கான பில்லிங், கணக்கு ஒப்பீடு, மாதாந்திர அறிக்கைகள். சம்பளத்தில் குறையில்லை. ஆனால் ராத்திரி வாயேஜர் 1 விண்கலம் பேச்சிழந்து மீண்ட கதையைப் படித்துவிட்டுக் காலையில் வேலைக்கு உட்கார்ந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது. நான் செய்வதற்கு என்னதான் அர்த்தம்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு விண்வெளித் துறைக்குப் போய்விடட்டுமா?"

போக ஆசையிருந்தால் போங்கள். ஆனால் அர்த்தம் அங்கே காத்திருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். நான் அப்படி நம்பித்தான் போனேன். ஐந்து வருஷம் பில்லிங் மென்பொருள் எழுதினேன், பிறகு பதினோரு வருஷமாகச் செயற்கைக்கோள்களின் தரைநிலைய மென்பொருளில் இருக்கிறேன். தேடியது கிடைத்தது. கிடைத்த பிறகுதான் அது பழைய வேலையிலும் என் பக்கத்திலேயே இருந்தது என்று புரிந்தது. அதை ஆற அமரச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், உங்களை இழுப்பது எது என்று பார்ப்போம். வாயேஜர் 1 பேச்சிழந்து மீண்ட கதையைச் சொல்லியிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

2023 நவம்பர் 14. அன்றிலிருந்து அந்த விண்கலம் அனுப்பியதில் படிக்க ஒன்றுமில்லை. சமிக்ஞை வருகிறது, ஆனால் ஒன்றும் பூஜ்யமும் ஒரே கோலத்தில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன. கருவிகளின் அளவீடுகளையும் கலத்தின் உடல்நிலைத் தகவல்களையும் ஒன்றாகக் கட்டித் தருகிற கணினியில்தான் கோளாறு என்று பொறியாளர்கள் கண்டார்கள். கலம் கிளம்பியது 1977இல். அப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் திரும்பி வர அதே அளவு நேரம். இன்று ஒரு கேள்வி கேட்டால் நாளை மறுநாள்தான் பதில்.

2024 மார்ச் தொடக்கத்தில் அந்தக் கணினியை லேசாகச் சீண்டிப் பார்க்கும் ஒரு கட்டளையை அனுப்பினார்கள். நிரலின் வேறு வழிகளில் நடந்து பார், கெட்டுப்போன இடத்தைச் சுற்றிக்கொண்டு போக முடிகிறதா பார் என்பது அதன் சாரம். வந்த பதில் எதிர்பார்த்த வடிவத்தில் இல்லை. தொலைதூர விண்கலங்களோடு பேசும் நாசாவின் ஆழ்வெளித் தொடர்பு வலையமைப்பைச் சேர்ந்த ஒரு பொறியாளர் உட்கார்ந்து அதை அவிழ்த்தார். அந்தக் கணினியின் நினைவகம் முழுவதும் அதில் அப்படியே கொட்டிக் கிடந்தது. கோளாறுக்கு முன் வந்த பிரதியோடு அதை ஒப்பிட்டார்கள். நினைவகத்தில் ஏறத்தாழ 3 சதவீதம் கெட்டிருந்தது. காரணம், ஒரே ஒரு சிப்.

ஆள் அனுப்பி மாற்ற முடியாது. கெட்ட இடத்தில் குடியிருந்த நிரலை வேறு இடத்துக்குக் குடிபெயர்க்க வேண்டும். அதை முழுசாக வைக்கும் அளவுக்கு எந்த ஒரு இடத்திலும் காலியில்லை. எனவே துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த சந்துகளில் வைத்து, ஒரு துண்டு இன்னொரு துண்டைத் தேடிப் போகும் முகவரிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். ஏப்ரல் 18 அன்று முதல் பகுதியை அனுப்பினார்கள். 20ஆம் தேதி பதில் வந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் கலத்தின் உடல்நிலையைப் படிக்க முடிந்தது. ஜூனில் நான்கு அறிவியல் கருவிகளின் தகவலும் ஒழுங்காக வரத் தொடங்கியது.

இப்போது இந்தக் கதையிலிருந்து தூரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். என்ன மிஞ்சுகிறது? இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடித்தது. நிரலை இடம் மாற்றியது. அதைக் குறிப்பிடும் இடங்களைத் தேடித் தேடித் திருத்தியது. பழைய ஆவணங்களைப் புரட்டியது. உங்கள் ஏழு வருஷத்தில் இதில் எதை நீங்கள் செய்ததில்லை?

ஆவணங்களைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன், என்னை உலுக்கிய இடம் அதுதான். இதைச் சரிசெய்தவர்கள் நம்பியிருந்தது பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட காகிதங்களை. அவற்றை எழுதிய பொறியாளர்கள் இப்படியொரு நாள் வரும் என்று நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. யாரோ ஒருவர் 1970களில் ஒரு மேசையில் உட்கார்ந்து, இந்த முகவரியில் இது இருக்கிறது, இது இதைக் கூப்பிடுகிறது என்று சலிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு அது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வேலையாக இருந்திருக்கலாம். ஆனாலும் அதை ஒழுங்காக எழுதி வைத்தார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தன் கையிலிருக்கும் வரி எங்கே போய் முடிகிறது என்று தெரியும். அந்த முகவரி தப்பினால் எது நிற்கும், எது நடந்தால் எது தெரியவரும் என்பது கண்ணெதிரே இருக்கும். உங்களுக்கு அந்த நூல் அறுந்துபோயிருக்கிறது. செய்ய வேண்டிய வேலை ஒரு டிக்கெட்டாக வருகிறது, முடிக்கிறீர்கள், மூடுகிறீர்கள், அடுத்தது வருகிறது. எழுதியது யார் கைக்குப் போனது என்றே தெரியாது. கை ஓடாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வேலை சின்னது என்பதில்லை, அதன் மறுமுனை உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

விண்வெளித் துறையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கட்டளைக் கோப்புகளைச் சரிபார்க்கும் ஒரு நிரல். செயற்கைக்கோளுக்கு என்னென்ன கட்டளைகள் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைப்பார்கள். அதில் எண்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா, அலகுகள் சரியா என்று பார்ப்பதுதான் என் நிரலின் வேலை. மனசு உடைந்துபோனது. இதே மாதிரி சரிபார்ப்பைத்தானே பில்லிங்கில் ஐந்து வருஷம் எழுதினேன்? நட்சத்திரங்களைத் தேடி வந்து மறுபடியும் அதே படிவத்தில் மாட்டிக்கொண்டோமே என்று வருத்தப்பட்டேன். அந்த வருத்தத்தோடுதான் அதை எழுதினேன். எழுத்தில் அது தெரிந்தது.

தாழ்ந்த சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் ஒரு தரைநிலையத்தின் வானத்தைக் கடக்கப் பெரும்பாலும் பத்து நிமிஷம்போலத்தான் ஆகும். அதற்குள் பேசி முடிக்க வேண்டும். ஒரு நாள் பின்னிரவில் அப்படியொரு கடப்பு. கடைசி நேரத்தில் மாற்றிய கோப்பை என் நிரல் தடுத்து நிறுத்தியது. தடுத்தது சரிதான், அதில் உண்மையிலேயே ஒரு பிழை இருந்தது. ஆனால் திரையில் நான் காட்டியது இவ்வளவுதான்: "தவறான உள்ளீடு. கோப்பு நிராகரிக்கப்பட்டது." எந்த வரி, எந்த எண், ஏன், ஒன்றும் இல்லை. பணியில் இருந்தவர் அறுபதுக்கும் மேற்பட்ட வரிகளைக் கண்ணால் தேடிக்கொண்டிருக்கும்போதே செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது.

மறுநாள் அவர் என் மேசைக்கு வந்தார். என்னைவிட அனுபவத்திலும் வயதிலும் மூத்தவர். கோபப்படவில்லை. அந்தத் திரையின் படத்தைக் காட்டி, "இதைப் படிச்சதும் நான் என்ன செய்யணும்னு நினைச்சு எழுதினீங்க?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதைப் படிக்கப்போகிற ஒருவர் இருக்கிறார் என்றே நான் நினைத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதை மாற்றி எழுதினோம். "வரி 41: ஹீட்டர் இயங்கும் நேரம் 900 வினாடி. அனுமதி 600 வரை. இந்த வரியை நீக்கினால் மீதிக் கட்டளைகளை அனுப்பலாம்." நான்கு நாள் கழித்து வேறொரு கடப்பில் அதே மாதிரி ஒரு பிழை வந்தது. வரியை நீக்கினார், மீதியை அனுப்பினார், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினார்: "41 மாதிரியே இன்னைக்கு 17. போயிடுச்சு."

அந்தச் செய்தியைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பில்லிங் மென்பொருளில் ஐந்து வருஷத்தில் அப்படி எத்தனை "தவறான உள்ளீடு" எழுதியிருப்பேன்! மாதக் கடைசியில், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு கணக்காளர் அந்தத் திரையின் முன் உட்கார்ந்து எந்த வரி என்று தேடியிருப்பார். அவர் என் மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான். வருவதற்கு வழியில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

இதைச் சொன்னால் சிலர், "அப்படியானால் எல்லா வேலையும் ஒன்றுதான், மனசு வைத்தால் போதும்" என்று புரிந்துகொள்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. சந்தாவை ரத்து செய்யும் பட்டனை ஒளித்து வைக்கச் சொல்கிற வேலை இருக்கிறது. வயதானவர்கள் தெரியாமல் அழுத்தட்டும் என்றே திரையை அமைக்கச் சொல்கிற வேலை இருக்கிறது. அங்கே மறுமுனையைப் போய்ப் பார்த்தால் மனசு இன்னும் கசக்கும், கசக்கத்தான் வேண்டும். உங்கள் வேலை அப்படிப்பட்டதென்றால் விண்வெளி கிடைக்கிறதோ இல்லையோ, அதை விட்டு வெளியே வாருங்கள். கணக்கு ஒப்பீடு அப்படிப்பட்டதல்ல. ஒருவருக்குச் சேர வேண்டிய பணம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற வேலை அது.

விண்வெளி வரலாற்றைக் கொஞ்சம் உள்ளே போய்ப் படித்தால், பெரிய வெற்றிகளும் பெரிய இழப்புகளும் தினசரி நாம் அலுத்துக்கொள்ளும் விஷயங்களில்தான் தீர்மானமாகியிருக்கின்றன. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம் ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் திணித்ததுதான் காரணம். அந்த நிரல் ஏரியன் 4இலிருந்து எடுத்தது, அங்கே அந்த எண் ஒருபோதும் அவ்வளவு பெரிதாகாது. அதைவிட வேதனை, நிரலின் அந்தப் பகுதிக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு வேலையே கிடையாது. சும்மா ஓடிக்கொண்டிருந்தது. 1999இல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாயில் தொலைந்தது, ஒரு குழு பவுண்டு அலகிலும் இன்னொரு குழு நியூட்டன் அலகிலும் கணக்கிட்டதால். எண்ணின் வரம்பு, அலகு மாற்றம், பழைய நிரலை அப்படியே எடுத்துப் போடுவது. போன வாரம் உங்கள் குழுவின் நிரல் மீளாய்வில் இவை வந்திருக்குமே.

நல்ல பக்கத்துக்கு அப்போலோ 11. 1969 ஜூலை 20, நிலவில் இறங்கும் நிமிஷங்களில் கணினி 1202 என்று எச்சரித்தது. வேலைப்பளு தாங்கவில்லை என்று அர்த்தம். அப்போது தேவைப்படாத ஒரு ரேடாரின் சமிக்ஞைகள் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் வெறும் 2,048 கணினிச் சொற்கள், அதாவது ஏறத்தாழ 4 கிலோபைட். ஆனால் கணினி முடங்கவில்லை. முக்கியமில்லாத வேலைகளை உதறிவிட்டு, இறங்குவதற்குத் தேவையானவற்றை மட்டும் மறுபடி எடுத்துக்கொண்டு ஓடியது. எம்ஐடியின் கருவிமயமாக்கல் ஆய்வகத்தில் ஹால் லேனிங் வடிவமைத்த முன்னுரிமை முறையும், மார்கரெட் ஹாமில்டன் தலைமையிலான பறப்பு மென்பொருள் குழுவின் உழைப்பும் அதற்குப் பின்னால் இருந்தன. நெருக்கடி வந்தால் எதை விடுவது, எதை விடவே கூடாது என்று யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். உங்கள் பில்லிங் அமைப்பு மாதக் கடைசியில் திணறும்போது எதை முதலில் உதறும்? அழகான அறிக்கையையா, ஒருவரின் சம்பளப் பட்டுவாடாவையா? யோசித்து வைத்திருக்காவிட்டால் அந்த முடிவை யாருமே எடுக்கவில்லை என்று அர்த்தம். இதை யோசித்து எழுதினால் போதும், நீங்கள் வியந்து பார்க்கும் அந்த மனிதர்கள் செய்த வேலையின் சாரத்தைச் செய்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். 2021 ஏப்ரல் 19 அன்று இன்ஜெனுயிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டர் செவ்வாயில் மூன்று மீட்டர் எழும்பி 39 வினாடி பறந்தது. உள்ளே இருந்தது கைப்பேசிகளில் இருந்த அதே வகைச் சிப்பும் லினக்ஸும். அது பயன்படுத்திய திறந்த மூல நிரல்களுக்கு, அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிரல்களுக்கு, பங்களித்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர் என்று நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் கணக்கெடுத்து, அவர்கள் பக்கங்களில் ஒரு சின்னம் போட்டது. அவர்களில் பலர் வேறு ஏதோ தேவைக்காக ஒரு பிழையைத் திருத்தியவர்கள். தயக்கம் எதற்கென்றால், இதை லாட்டரி மாதிரி சொல்லிவிடுகிறார்கள்: எழுதிக்கொண்டே இருங்கள், உங்கள் வரியும் ஒருநாள் செவ்வாய்க்குப் போகலாம் என்று. செவ்வாய்க்குப் போகாத ஒரு திருத்தம், ஒரு மருத்துவமனையின் மருந்துப் பட்டியலைச் சரியாகக் காட்டியிருந்தால் அது எந்த விதத்தில் குறைந்தது?

சரி, போவதைப் பற்றி. உள்ளே வந்தால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். நிரல் எழுதும் நேரத்தைவிடச் சோதிக்கும் நேரமும் ஆவணம் எழுதும் நேரமும் மீளாய்வுக் கூட்டத்தில் உட்காரும் நேரமும் அதிகம். காத்திருப்பு அதைவிட அதிகம். நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2006 ஜனவரியில் கிளம்பி 2015 ஜூலையில்தான் புளூட்டோவைக் கடந்தது. கட்டும் காலம் தனி. பல திட்டங்கள் கிளம்பாமலே நின்றுவிடுகின்றன, நான் மூன்று வருஷம் உழைத்த ஒன்று அப்படித்தான் நின்றது. அதைத் தாங்கிக்கொள்ள விண்வெளி மீதான காதல் மட்டும் போதவில்லை. அன்றன்றைய வேலையிலேயே ஒரு ருசி இருந்ததால்தான் தாங்க முடிந்தது. அந்த ருசியை இப்போதைய வேலையிலேயே பழகிக்கொள்ளலாம்.

கற்றுக்கொள்ள இன்று வாசல் திறந்தே இருக்கிறது. இன்ஜெனுயிட்டியில் ஓடிய எஃப் பிரைம் என்ற மென்பொருள் கட்டமைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நாசாவின் கோர் ஃபிளைட் சிஸ்டமும் அப்படியே. நிறையப் பேர் விண்மீன் படங்களை வைத்து இயந்திரக் கற்றல் செய்வதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்பதால். நான் அதைச் சொல்லமாட்டேன். ஒரு சின்ன பலகைக் கணினியில் எஃப் பிரைமை ஓடவிட்டு, ஒரு வெப்பமானியைப் படித்து, அந்த எண்ணை அனுப்பி, நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி எழுகிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் இதிலேயே உழன்றால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது தெளிவாகிவிடும். கூடவே நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஜெரார்டு ஹோல்ஸ்மன் பாதுகாப்பான நிரல் எழுதுவதற்காக 2006இல் எழுதிய பத்து விதிகளைத் தேடிப் படியுங்கள். நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுழற்சிக்கும் மேல்வரம்பு இருக்க வேண்டும், ஒரு செயற்கூறு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, ஒரு தாளுக்குள் அடங்க வேண்டும், திரும்பி வரும் மதிப்பைச் சோதிக்காமல் விடக் கூடாது. எல்லாம் இப்படித்தான், எளிமையாக, கறாராக. நாளைக்கே பில்லிங் நிரலில் பாதியைக் கடைப்பிடிக்கலாம்.

பறக்கும் பக்கம் கடினமாகத் தெரிந்தால் தரைப்பக்கம் இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. செயற்கைக்கோள் என்ன அனுப்பியிருக்க வேண்டும், உண்மையில் என்ன வந்து சேர்ந்தது, எந்தத் தகவல் பொட்டலம் காணவில்லை, எது இரண்டு தடவை வந்தது, எதன் நேரம் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது. இது கணக்கு ஒப்பீடேதான். ஏழு வருஷம் அதைச் செய்தவருக்கு அதில் இருக்கிற பொறுமையும் சந்தேகப் புத்தியும் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாதவை. எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் சின்ன வயசிலிருந்து வானத்தைப் பார்த்த கதைதான் முதல் பத்தியில் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்கும்போது அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில், பொருந்தாமல் போன ஒரு தொகையை எப்படித் துரத்திப் போய்க் கண்டுபிடித்தீர்கள், அதனால் யாருக்கு என்ன நேராமல் தப்பியது என்று எழுதுங்கள். அதை எழுத அந்த 'யார்' உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், விண்ணப்பத்துக்கு முன்னால் உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிற ஒரு கணக்காளரோடு, அவர்கள் அனுமதித்தால், ஒரு மாதக் கடைசியில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.